சதமாகாத 97

பெங்களூர் வைட்ஃபீல்டின் ஐ.டி. அலுவலகங்களில் ஆண்டுக்கொரு முறை அப்ரைசல் காலம் வருகிறது. பன்னிரண்டு மாத உழைப்பு ஒற்றை ரேட்டிங்காகச் சுருங்கி ஒருவர் கைக்கு வந்து சேர்கிறது. அதே ஊழியர்களில் பலர் விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகளை ஆசையோடு படிக்கிறார்கள். ஜெயித்தவர் நடந்த வழி தெரிந்தால் நாமும் ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். பத்ராவதியில் பிறந்து பெங்களூரில் ஆடி வளர்ந்த கிரிக்கெட் வீரர் குண்டப்பா விஸ்வநாத், ஆர். கௌசிக்குடன் சேர்ந்து 2022-இல் தந்த சுயசரிதை 'ரிஸ்ட் அஷ்யூர்ட்'. அவருடைய ஆட்ட வாழ்க்கையில் வெற்றிச் சூத்திரம் தேடுவதைவிட, உழைப்பை எப்படி அளப்பது என்ற பாடத்தைத் தேடலாம் என்பேன். அப்ரைசல் எழுதுபவருக்கும் வாங்குபவருக்கும் அதுதான் இன்று தேவை.

1969-இல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதில் 137. முதல் இன்னிங்ஸோடு ரேட்டிங் போட்டிருந்தால் இந்தியக் கிரிக்கெட் யாரை இழந்திருக்கும்? பிறகு 91 டெஸ்ட்களில் 6,080 ரன்கள், 14 சதங்கள் எடுத்தார். ஆனாலும் ரசிகர்கள் இன்றுவரை சிலாகிப்பது சதமே ஆகாத ஓர் ஆட்டத்தை. 1975 ஜனவரி, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். எதிர்முனையில் ஒருவர்கூட 20 ரன்னைத் தொடவில்லை. 190-க்கு இந்தியா சுருண்டபோது விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. சதப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த டெஸ்ட்டை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அப்ரைசலிலும் எண்ணோடு சூழலையும் பார்க்க வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொருவரும் ஆடிய பிட்ச்சையும் போய்ப் பார்க்க முடியுமா, எண் இல்லாமல் நிர்வாகம் நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண் வேண்டும். ஆனால் சேப்பாக்கத்தின் ஸ்கோர்கார்டும் எண்களால் ஆனதுதானே! அதில் 97-ஐ மட்டும் பார்த்தால் மூன்று ரன் குறை தெரியும். மேலும் கீழும் உள்ள, 20-ஐத் தொடாத எண்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆட்டத்தின் உயரம் தெரியும். பிழை எண்ணில் இல்லை, அதைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் படிப்பதில் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு கடினமானது. அணி வென்றதால்தானே 97-ஐக் கொண்டாடுகிறோம்? அப்படியானால் ஓர் எண்ணை விட்டு இன்னோர் எண்ணைப் பிடித்துக்கொண்டதாகத்தான் ஆகும். இதற்குப் பதில் 1980-இல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட்டில் இருக்கிறது. விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்த பிறகு ஆட வந்த பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உறுதியாக நம்பிய விஸ்வநாத், நடுவரிடம் பேசி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். அவரும் எதிர்முனையில் ஆடிய போத்தமும் சேர்த்தது 171. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இங்கே ரன்னும் அவர் பக்கம் இல்லை, முடிவும் இல்லை. கேப்டனின் கடமை அணியை ஜெயிக்க வைப்பதுதான் என்பவர்கள் இதை ஏமாளித்தனம் என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஆடுபவர்கள் உண்மையாக இருக்கும்வரைதான் ஸ்கோர்கார்டுக்கு மதிப்பு. பொய்யென்று தெரிந்த ஒரு விக்கெட்டை அதில் ஏற்ற மறுத்தவர், எல்லா விக்கெட்டுகளின் மதிப்பையும் காப்பாற்றினார்.

சுயசரிதை என்பது சொந்தக் கதையைச் சாதகமாகச் சொல்வது, அதே உழைப்போடு பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர் என்பதும் உண்மை. அதனால்தான் அதை வெற்றிக்கான சமையல் குறிப்பாகப் படிக்கக் கூடாது என்கிறேன். கான்பூரின் பூஜ்யமும் பம்பாயின் தோல்வியும் எவரும் சரிபார்க்கக்கூடிய பதிவுகள். புகழ் கிடைக்காதவருக்கும் அவை தரும் பாடம் பொருந்தும். அப்ரைசல் படிவத்தை நிரப்பும் மேலாளர், அந்த ஊழியருக்குக் கிடைத்த அவகாசம் எவ்வளவு, பாதியில் விலகியவர்களின் வேலையையும் சுமந்தாரா, கணக்கை உண்மையாகக் காட்டினாரா என்று ஒரு நிமிடம் பார்க்கட்டும். 97 என்று மட்டும் எழுதாமல், 190-இல் 97 என்று எழுதட்டும்.