கேட்டவர் பலர், கட்டியவர் எவர்?

சுன்னாகம் சந்தையிலே கமக்காரன் ஒருவன் தன் வெங்காய மூட்டைகளுடன் நிற்கின்றான். வியாபாரிகள் போட்டியிட்டு விலை கேட்கின்றனர். கேட்டவன் காசை எண்ணி வைக்கும் வரையில் மூட்டை அவன் வண்டியில் ஏறுவதில்லை. “அடுத்த போகத்திற்குத் தருகின்றேன், இப்பொழுது என் வாக்கை வாங்கிக்கொள்” என்று எவனாவது சொன்னால் சந்தையே சிரிக்கும். ஏனெனில் வெங்காயம் அழுகும் பண்டம். வாக்கை நம்பி அதை வைத்திருப்பவன் வெங்காயத்தையும் இழப்பான், விலையையும் இழப்பான்.

கமக்காரன் அறிந்த இந்த நியாயத்தைப் பெரும் வங்கிகளும் சட்டத்தரணிகளும் பட்டயக் கணக்காளரும் நியாயாதிபதிகளும் கூடியிருந்த ஒரு மாபெரும் ஏலத்திலே கைவிட்டனர். அதன் பலன் யாது? 2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி, ஜெட் எயார்வேஸ் என்னும் விமானக் கம்பனியைக் கலைத்து, எஞ்சிய உடைமைகளை விற்றுவிடும்படி இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களைப் பறக்கவிட்ட கம்பனி, வாங்குவதற்கு ஆட்கள் போட்டியிட்டு வந்த பின்னரும், எவராலும் வாங்கப்படாமலே மாண்டது.

இது அயல் நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று எவரும் தள்ளிவிட வேண்டா. கடனில் மூழ்கிய விமானக் கம்பனி ஒன்று நமது தீவிலும் உண்டு. அதை விற்பதா, வைத்திருப்பதா என்ற வாதம் ஓயவுமில்லை. ஆகவே அயல் வீட்டு ஏலம் எவ்வாறு கெட்டது என்பதை அறிந்திருத்தல் நமது கடமையாகும்.

வளர்ச்சியும் வீழ்ச்சியும்

நரேஷ் கோயல் என்பார் தொடங்கிய ஜெட் எயார்வேஸ் 1993ஆம் ஆண்டு மே மாதத்தில் பறக்கத் தொடங்கியது. இந்திய விமானப் போக்குவரத்து அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்த நிலை மாறிய காலம் அது. 2005இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2007இல் எயார் சஹாரா என்னும் மற்றொரு கம்பனியை 1,450 கோடி இந்திய ரூபாவுக்கு அது வாங்கியது. 2013இல் அபுதாபியின் எதிஹாட் நிறுவனம் நூற்றுக்கு 24 வீதப் பங்கை எடுத்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் செழிப்பு. உள்ளேயோ எரிபொருளின் விலையும், குறைந்த கட்டணக் கம்பனிகளின் போட்டியும், கடன் வட்டியும் அதனை அரித்துக்கொண்டிருந்தன. 2019 மார்ச்சில் கோயல் பணிப்பாளர் சபையிலிருந்து விலகினார். ஏப்ரல் 17ஆந் திகதி இரவு அமிர்தசரசிலிருந்து மும்பைக்கு வந்திறங்கியதே அதன் கடைசி விமானம்.

ஏறத்தாழ 20,000 ஊழியர் தெருவில் நின்றனர். பயணச்சீட்டுக்குக் காசு கட்டியவர்கள் கையைப் பிசைந்தனர். கடன் கொடுத்த வங்கிகள் 2019 ஜூனில் தேசிய கம்பனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வாசலுக்குச் சென்றன. நிதி கொடுத்தோருக்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட கோரிக்கை மாத்திரம் 7,800 கோடி ரூபாவுக்கு மேற்பட்டது.

போட்டி

வாங்குவோர் வந்தனர். விருப்பந் தெரிவித்தவர் சிலர்; தெரிவித்த பின் மௌனமாகியவர் சிலர். இறுதியில் இரண்டு கூட்டுகள் எதிரெதிரே நின்றன. ஒன்று, ஐக்கிய அரபு அமீரகத்தில் வர்த்தகம் புரிந்த முராரி லால் ஜலானும் லண்டனைத் தளமாகக் கொண்ட கல்ரொக் நிறுவனமும் சேர்ந்தது. மற்றொன்று, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் நிறுவனமொன்றும் வேறு இரு நிறுவனங்களும் சேர்ந்தது. 2020 ஒக்டோபரில் கடன் கொடுத்தோர் குழு ஜலான்–கல்ரொக் கூட்டைத் தெரிந்தெடுத்தது. 2021 ஜூனில் தீர்ப்பாயமும் அதற்கு ஒப்புதல் வழங்கியது. இந்தக் கூட்டில் எவரும் அதற்கு முன்னர் விமானக் கம்பனி எதனையும் நடாத்தியவரல்லர்.

வாக்குறுதி பெரிது. ஆயிரக்கணக்கான கோடி, ஆண்டுக்கு ஆண்டு தவணை, மீண்டும் வானில் ஜெட்டின் கொடி! ஆனால் முதற் தவணை எவ்வளவு? 350 கோடி ரூபா. அதிலும் கைக்கு வந்தது எவ்வளவு? 200 கோடி. எஞ்சிய 150 கோடியை, முன்னரே கொடுத்திருந்த வங்கி உத்தரவாதத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள் என்றனர் வாங்க வந்தோர். மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதற்கு இணங்கிற்று. 2024 மார்ச்சில், கம்பனியின் உரிமையை அவர்களிடம் ஒப்படைக்கலாம் என்றும் சொல்லிற்று.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உத்தரவாதம் என்பது யாது? சொன்ன சொல்லை நிறைவேற்றாவிட்டால் பறிமுதலாகும் பிணைப் பொருள் அது. பிணைக்கு வைத்த நகையையே கடனுக்குக் கட்டிய காசாகக் கணக்கெழுத எந்த அடைவுகடைக்காரனாவது சம்மதிப்பானா? திட்டம் முழுவதும் நிறைவேறும் வரை அவ்வுத்தரவாதம் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்றே உச்ச நீதிமன்றம் கொண்டது. கட்டிய 200 கோடி பறிமுதல். 150 கோடி உத்தரவாதத்தை வங்கிகள் காசாக்கிக்கொள்ளலாம். கம்பனி கலைக்கப்படுக என்று தீர்ப்பு வெளிவந்தது.

வாங்க வந்தோர் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. வங்கிகள் ஒத்துழைக்கவில்லை, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்கவில்லை என்றனர். வங்கிகளோ பணம் வரவில்லை என்றன. ஒருவர் மேல் ஒருவர் குற்றஞ்சாட்டிய அந்த ஆண்டுகளில் உண்மையில் நிகழ்ந்தது யாது?

அழுகிய பண்டம்

விமானக் கம்பனியின் பெறுமதி எதில் இருக்கிறது? விமானத்தில் என்று பலர் எண்ணுவர். ஜெட்டின் விமானங்களிற் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. பறப்பு நின்றதும் சொந்தக்காரர் வந்து கொண்டுபோயினர். மும்பையிலும் டில்லியிலும் விமானம் ஏறவும் இறங்கவும் அதற்கிருந்த நேர ஒதுக்கீடுகள் பொன்னுக்கு நிகரானவை. அவை மற்றக் கம்பனிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அனுபவமிக்க விமானிகளும் பொறியியலாளரும் அடுப்பெரிய வழி தேடி வேறிடம் சென்றனர். 2022 மே மாதத்தில் சேவை நடாத்தும் அனுமதிப்பத்திரம் மீண்டும் கிடைத்தது. என்ன பயன்? காசு கொடுத்துப் பயணி ஏறிய விமானம் ஒன்றேனும் பறக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் இந்திய வங்குரோத்துச் சட்டக் கோவை, இத்தகைய கருமங்கள் 330 நாட்களுக்குள் முடிவுற வேண்டும் என்கின்றது. ஜெட்டின் வழக்கோ ஐந்து ஆண்டுகளையும் நாலரை மாதங்களையும் விழுங்கிற்று. 2012இல் பறப்பை நிறுத்திய கிங்பிஷர் கம்பனியின் கதையும் இதற்குச் சாட்சி. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல், அதன் பெயரையும் சின்னத்தையும் வங்கிகள் ஏலத்திற் கூறியபோது ஒருவர்தானும் விலை கேட்கவில்லை. பறக்கும் பொழுது கோடிகள் பெறும் பெயர், நின்ற பின் வெறும் எழுத்து. வெங்காயத்திற்காவது சில வாரம் தாங்கும் சக்தியுண்டு. நின்றுபோன விமானக் கம்பனிக்கு அதுவுமில்லை.

இத்தனை தாமதத்தின் சுமையைச் சுமந்தவர் யார்? வங்கிகளுக்கு வேறு வருமானம் உண்டு. வாங்க வந்தவருக்கு வேறு தொழில் உண்டு. ஊழியனுக்கோ அவன் வேலை ஒன்றே உண்டு. தன் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெறுவதற்காக அவன் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போராட வேண்டியிருந்தது. 2022 ஒக்டோபரில் அங்கே வென்றான். வாங்க வந்தோர் அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரியில் அங்கும் அவனே வென்றான். வென்று பெற்றது தீர்ப்பு. பணமோ தூரத்திலேயே நின்றது. உழைத்தவனின் கூலியை ஏலக்காரரின் பேரத்துக்குள் ஒரு பொருளாக வைத்த குற்றத்தை எந்தத் தீர்ப்பும் முற்றாகக் கழுவிவிடாது.

மற்றொரு ஏலம்

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், வேறோர் ஏலமும் நடந்தது. எயார் இந்தியாவை விற்க 2018இல் அரசாங்கம் முயன்றது. நூற்றுக்கு 76 வீதத்தைத் தருவோம், எஞ்சியதை நாமே வைத்திருப்போம், கடனிற் பெரும் பங்கையும் நீங்களே சுமக்க வேண்டும் என்றது. ஒருவரும் வரவில்லை. பின்னர் நிபந்தனையை மாற்றி முழுவதையும் விற்க முன்வந்தது. 2021இல் இருவர் போட்டியிட்டனர். அஜய் சிங் தலைமையிலான கூட்டு 15,100 கோடி கேட்டது. டாட்டா 18,000 கோடி கேட்டது. அரசாங்கம் வைத்திருந்த குறைந்தபட்ச விலை 12,906 கோடி. 2021 ஒக்டோபர் 8ஆந் திகதி வெற்றி அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரி 27ஆந் திகதி கம்பனி கைமாறியது. மூன்று மாதங்களும் சில வாரங்களுமே! ஊழியரை ஓராண்டு நிறுத்தலாகாது என்ற நிபந்தனையும் விற்பனைப் பத்திரத்திலேயே இருந்தது.

அது குறையற்ற விற்பனை என்று நாம் சொல்லவில்லை. எயார் இந்தியாவின் கடன் 61,562 கோடி. டாட்டா தலையிலேற்றுக்கொண்டது 15,300 கோடி. அரசாங்கத்தின் கையிற் கொடுத்தது 2,700 கோடி. எஞ்சிய 46,262 கோடிக் கடன் அரசாங்கக் கம்பனியொன்றின் தலையில் ஏற்றப்பட்டது. அதாவது, விமானத்தில் ஒருநாளும் ஏறியிராத விவசாயியும் அதற்கு வரி செலுத்துகின்றான். அந்தக் கசப்பை மறைக்கலாகாது. ஆயினும் அங்கே ஒரு நேர்மை இருந்தது: யார் எவ்வளவு சுமக்கிறார் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாங்கியவர் காசு கட்டினார். விமானம் ஒருநாளும் நிற்கவில்லை.

நமது பலாலிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2019இல் சென்னையிலிருந்து பலாலிக்குப் பறக்கத் தொடங்கிய அலையன்ஸ் எயார், அப்பொழுது எயார் இந்தியாவின் துணைக் கம்பனியாகவே இருந்தது. விற்பனையின்போது அது டாட்டாவிடம் கொடுக்கப்படாமல் அரசாங்கத்திடமே விடப்பட்டது. டில்லியில் எழுதப்படும் விற்பனைப் பத்திரத்தின் ஒரு வரி, யாழ்ப்பாணத்து நோயாளி சென்னைக்குச் செல்லும் வழியையும் தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் கேட்க வேண்டியவை

நமது தீவின் கதைக்கு வருவோம். 1998இல் எமிரேட்ஸ் நிறுவனத்திற்குப் பங்கும் முகாமைப் பொறுப்பும் கொடுக்கப்பட்டன. 2008இல் அவ்வொப்பந்தம் முடிந்தது; 2010இல் அப்பங்குகளை அரசாங்கம் திரும்ப வாங்கியது. 2024இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்சை வாங்க ஆறு தரப்பினர் விருப்பந் தெரிவித்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் பதவிக்கு வந்த அரசாங்கம் அவ்விற்பனையைக் கைவிட்டது. விற்பதே நன்று என்போரும் விற்கவே கூடாது என்போரும் நம்மிடையே உண்டு. அவ்வழக்கை இங்கு தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் இன்றோ நாளையோ எந்த அரசாங்கம் கேள்விப் பத்திரம் கோரினாலும் மக்கள் மூன்று வினாக்களை விடுக்க வேண்டும்.

முதலாவது: கேட்ட விலையில் எவ்வளவு பணம் கட்டுப்பணமாக மேசையில் இருக்கிறது? தவணைகளின் கூட்டுத்தொகை விலையாகாது. இரண்டாவது: ஊழியரின் சம்பளமும் சேமலாப நிதியும், சீட்டு வாங்கிய பயணியின் பணமும் பேரத்திற்கு வெளியே, முதலிலேயே ஒதுக்கப்பட்டுள்ளனவா? மூன்றாவது: குறித்த நாளில் பணம் வராவிடில், வழக்கின்றி, அடுத்த கேள்விக்காரரிடம் செல்லும் வழி பத்திரத்தில் உண்டா?

“இவ்வளவு கடுமையாக இருந்தால் வாங்க எவரும் வரமாட்டார்களே” என்பர் சிலர். எயார் இந்தியாவின் ஏலம் அதற்கு விடை சொல்லிவிட்டது. 2018இல் எவரும் வராமைக்குக் காரணம் காசு கேட்டமையன்று. யார் எதைச் சுமப்பது என்ற தெளிவின்மையும் அரசாங்கத்தின் அரைமனதுமே. நிபந்தனை தெளிவானதும் காசுள்ளவர் வந்தனர். காசை மேசையில் வைக்கச் சொன்னதும் ஓடிவிடுபவன் வாங்க வந்தவனல்லன். வேடிக்கை பார்க்க வந்தவன். அவன் ஓடுவது நமக்கு நட்டமன்று, இலாபமே!

ஜெட்டின் ஏலத்தில் விலை கேட்டவர் பலர். முழுவதும் கட்டியவர் எவருமில்லர். சந்தையிலே கமக்காரன் கேட்பதைத்தான் நாமும் கேட்கிறோம்: “ஐயா, விலை இருக்கட்டும், காசு எங்கே?” அவ்வினாவை முதல் நாளே கேட்கும் துணிவு விற்பவருக்கு இல்லையெனில், கடைசி நாளில் அதைக் கேட்பவர் நீதிபதியாக இருப்பார், அப்பொழுது விற்பதற்குப் பண்டமும் இராது, கூலி கொடுப்பதற்குக் காசும் இராது.