"அம்மா, இது எங்கள் பெஞ்சு"

தியானப் பகுதி: யாக்கோபு 2:1-9



இந்த வாரத் தியானம் சிலருக்குக் கசக்கும். எழுதுகிற எனக்கும் கசக்கிறது. ஆகையால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், ஒரு ஞாயிறு காலை, நடுத்தர வயதுடைய பெண்மணி ஒருவர் ஆராதனைக்கு வந்தார். ஊருக்குப் புதியவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இடப்புறம் மூன்றாம் பெஞ்சில் அமர்ந்தார். முதற்பாட்டு முடியுமுன் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்களில் ஒருவர் குனிந்து, மிகுந்த மரியாதையுடன்தான், "அம்மா, இது எங்கள் பெஞ்சு" என்றார். பொய்யல்ல, அவருடைய பாட்டனாரின் நினைவாகச் செய்து கொடுக்கப்பட்டது அது. பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அந்த அம்மா எழுந்து பின்னால் சென்று கதவோரம் நின்றார். பாவ அறிக்கை வேளையில் நின்றுகொண்டிருந்தார். நான் பிரசங்கிக்க ஏறியபோது அங்கே இல்லை.

பீடத்தருகே நின்று அதை முழுவதும் பார்த்தவன் நான். அந்தக் குடும்பத் தலைவர் சபைக் கமிட்டியில் இருந்தார். அன்று நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை. அந்த அம்மா என்ன துயரத்தோடு வந்தார், யாருக்காக ஜெபிக்கக் கேட்க வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"யார் தடுத்தார்கள்? ஆலய வாசல் திறந்துதானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. எருசலேம் தேவாலயத்தின் வாசலும் திறந்துதான் இருந்தது. புறஜாதியார் வெளிப்பிராகாரம் வரை தாராளமாக வரலாம். அதற்கப்பால் ஒரு தாழ்ந்த சுவர். அதைத் தாண்டும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பாளி என்று கிரேக்க மொழியில் கல்லில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கற்களில் ஒன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனாகிய துரோப்பீமுவை அந்த எல்லைக்குள் பவுல் அழைத்து வந்தார் என்ற சந்தேகத்திலேயே எருசலேம் முழுவதும் கலகமுண்டாயிற்று (அப். 21). நடுவில் நின்ற சுவரைக் கிறிஸ்து இடித்துப்போட்டார் என்று எபேசியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். கல்லில் எழுதியதாவது படிக்கத் தெரிந்தவனை எச்சரித்தது. நாம் எதையும் எழுதி வைக்கவில்லை. வந்தவர் முட்டிக்கொண்ட பிறகே சுவர் இருப்பதை அறிகிறார்.

ஒரு புதியவரின் கண்களால் நம் ஆராதனையைப் பாருங்கள். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காற்படியிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பாமாலை எது, கீர்த்தனை எது என்பது தெரியாது. அறிவிப்பில் ஐந்து சங்கங்களின் பெயர்கள் வருகின்றன, எதுவும் அவருக்கானதல்ல. திருவிருந்து நேரத்தில் எல்லாரும் வரிசையாக முன்னே செல்ல, அவர் மட்டும் முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆசீர்வாதம் கூறியபின் நாம் வளாகத்தில் அரைமணி நேரம் பேசிக்கொண்டு நிற்கிறோம், நமக்குள்ளேயே. செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வெளியேறும்போது, வந்தவருடைய பெயர் நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

கிறிஸ்மஸ் கீதபவனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் சபை அங்கத்தினர் பட்டியல். ஒரு தெருவில் நம் வீடு இரண்டு இருந்தால், அந்த இரண்டு வாசல்களில் மட்டும் பாடுகிறோம். இடையிலுள்ள வீடுகளின் விளக்குகள் எரிகின்றன; பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள்; நாம் வண்டியேறி அடுத்த முகவரிக்குப் போகிறோம். எல்லா ஜனத்துக்கும் உரிய சந்தோஷம் என்று மேய்ப்பருக்கு அறிவிக்கப்பட்ட செய்தியை, சந்தா செலுத்தியவர்களின் வாசலில் இறக்கிவிட்டு வருகிறோம்.

பல சபைகளில் இப்போது வரவேற்புக் குழு அமைக்கிறார்கள். அதில் எனக்கு விரோதமில்லை. ஆனால் வாசலில் நால்வர் புன்னகைப்பதனால், உள்ளேயிருக்கும் நானூறு பேர் அந்தக் கடமையிலிருந்து விடுதலையாகிவிடுகிறார்கள். "புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று தங்களை அறிமுகம் செய்யுங்கள்" என்கிறோமே, அது அவரை அறிவதற்கா, அனைவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்கா? கூச்சமுள்ளவர் மறுவாரம் வரமாட்டார். ஒரு ரோஜாப்பூவும் கைதட்டலும் கொடுத்து அனுப்பியவரை ஒருவரும் சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை.

இந்தத் தேசத்தில் நம் சுவிசேஷச் சபைகள் எப்படித் தொடங்கின? 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது அந்நியர் அவரே. அவர் ஆலயத்தைக் கட்டி வைத்துவிட்டு, ஜனங்கள் தம் மொழியைக் கற்றுக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நம் சபைமண்டபத்தைக் கட்டிக்கொடுத்த ஒடிசா வாலிபர்கள் மாதக்கணக்கில் இதே வளாகத்தில் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்களே, அவர்களிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்க அவர்கள் மொழியில் ஒரு சொல்லை நம்மில் யார் கற்றோம்? திறப்புவிழாக் கல்வெட்டில் என் பெயர் உட்படப் பல பெயர்கள் இருக்கின்றன.

"வருகிறவர்கள் உதவி கேட்டுத்தானே வருகிறார்கள், ஐயா" என்கிறார்கள். இருக்கட்டும். கடலைக் கடந்து ஆண்டவரைத் தேடி வந்த கூட்டமும் அப்பத்துக்காக வந்ததுதான். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர்களோடு பேசுவதையோ நிறுத்தவில்லை.

"பழைய குடும்பங்களின் மனம் நோகும், சபை உடைந்துபோகும்" என்பது மற்றொரு பயம். இது புதிய பயமல்ல. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கைவிடப்பட வேண்டும் என்று மடல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அநேகர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தனித்தனியே உட்காருவதும் தனித்தனியே திருவிருந்து எடுப்பதும் அவர்களுக்கு முன்னோர் தந்த உரிமையாகத் தோன்றிற்று. அந்தச் சண்டை முற்றும் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நம்மில் சிலர் ஒரு புதியவரைக் கண்டதும் முதலில் அவருடைய சொந்த ஊரைக் கேட்பது எதற்காக என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

வரும் வியாழன் மாலை சபைக் கமிட்டி கூடுகிறது. பெஞ்சுகளிலுள்ள பெயர்களை அழித்து, அவற்றை ஒரே பலகையில் எழுதிப் பின்சுவரில் வைப்பது முதல் பொருள். இவ்வருடக் கீதபவனி ரயில்வே கேட்டுக்கு அப்பாலுள்ள தெருவில் வீடு தவறாமல், அந்த வீட்டாரிடம் முன்னரே கேட்டுக்கொண்டு, நடக்க வேண்டும் என்பது இரண்டாம் பொருள். மறுப்பு உள்ளவர்கள் வியாழனுக்கு முன் குருமனைக்கு வாருங்கள். தேநீர் அருந்திக்கொண்டே பேசுவோம். இந்த ஞாயிறு முதல் நான் ஆராதனை தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னதாக வாசலருகே இருப்பேன்.