கிறுகிறுப்பு வந்தால் வீட்டில் சொல்லுங்கள்

என் இடது காதுக்குள் 9 வருடமாக ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. 'உய்ய்' என்று ஒரே இழுவை. மழைக்காலத்து ராத்திரியில் சில்வண்டு கத்துமே, அந்த மாதிரி. 36 வருடம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று விட்டுவிட்டேன். சத்தத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஊட்டி மலை ஏறும்போது காது அடைக்குமே, அதுபோல இடது காது அடைத்தது. இரைச்சல் ஏறியது. அடுத்த நிமிடம் எதிர்ச் சுவர் சுற்ற ஆரம்பித்தது. மயக்கம் இல்லை, நினைவு தெளிவாக இருந்தது. ஆனால் வீடே நிட்டிங் மெஷின் சிலிண்டர் மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றியது. வேர்த்துக் கொட்டியது, வாந்தி வந்தது. தலையை லேசாக அசைத்தாலும் அதிகமானது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தரையோடு தரையாகக் கிடந்தேன். "பித்தமா இருக்குமுங்க, ராத்திரி நீங்க சரியாவே தூங்கலை" என்று வீட்டுக்காரம்மா சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. நானும் பித்தம் என்றே சொல்லிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்து, அடங்கியதும் எழுந்து, வாந்தி எடுத்த இடத்தைக் கழுவிவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? சொன்னால் முதல் காரியமாக வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். மகள் வழிப் பேத்தியைக் காலையில் ஸ்கூட்டரில் பள்ளியில் விடுவது என் வேலை. ரிட்டயர் ஆனபின் வீட்டில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே உத்தியோகம் அது.

மூன்றாவது தடவை பள்ளிக்கூட வாசலில் வந்தது. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாயிற்று. பிள்ளை இறங்கி, "அப்புச்சி, டாட்டா" என்று உள்ளே போய்விட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றக் கையைத் தூக்கினேன், ரோடு சாய்ந்தது. கேட்டைப் பிடித்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். இரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் நான் அவிநாசி ரோட்டில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், பேத்தியை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். நம் வயதுக்காரர்களுக்குத் தலைசுற்றலைவிட ஆபத்தானது, தலைசுற்றலை மறைப்பது. வியாதி என்னைத் தரையில் கிடத்தியதோடு சரி. மறைத்த குற்றத்தால்தான் ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடியிருக்கிறேன்.

நாம் ஏன் மறைக்கிறோம்? நம் பக்கத்தில் காதை யாரும் ஒரு உறுப்பாகவே நினைப்பதில்லை. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைச் சுத்தியல், சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தம், ஊருக்குள் நிட்டிங் மெஷின். தறி ஓடும் வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள், கேட்டால் சிரிப்பார்கள். காது மந்தமானால் தொழிலில் சேர்ந்த வரவு செலவு மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுவோம். இத்தனைக்கும் என் பிழைப்பே காதில்தான் இருந்தது. ஊசி உடைந்தாலும் பேரிங் தேய்ந்தாலும் சத்தம் மாறுவதை வைத்தே எந்த மெஷின் என்று போய் நிற்பேன். மெஷினுக்குத் தவறாமல் எண்ணெய் விட்டேன். என் காதை 36 வருடத்தில் யாரும் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை, நானும் கேட்டதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இரைச்சலால் வரும் காது கேளாமை, மருத்துவர் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக இருந்தது. இது எனக்கு ரிட்டயர் ஆனபிறகுதான் தெரியும்.

மறுநாளே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், திட்டினாள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் என் உத்தியோகம் முழுக்க எழுதியிருந்தது. இரண்டு காதிலும் கீச்சுச் சத்தம் கேட்கும் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். பெண்கள், பிள்ளைகள் பேசும்போது 'சத்தம் கேட்குது, வார்த்தை புரியலை' என்கிறோமே, அதற்குக் காரணம் இது. ஆனால் இடது காதில் மட்டும் கனத்த சத்தங்கள் கேட்கும் பக்கமும் இறங்கியிருந்தது. அது மெஷின் செய்த வேலை இல்லை என்றார் டாக்டர். ஒரே காதில் இரைச்சலும் கேட்புக் குறைவும் இருந்தால் காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். நல்லவேளை, இல்லை. எனக்கு வந்திருப்பது மெனியர் நோய்.

இந்த நோயில் உள்காதில் இருக்கும் நீரின் அளவு கூடிப்போகிறது. காது அடைப்பு, இரைச்சல், கூடிக் குறையும் கேட்புத் திறன், இவற்றோடு தலைசுற்றல். ஒரு தடவை வந்தால் 20 நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை நிற்கும். பாரிஸில் காது கேளாதோர் பள்ளியில் மருத்துவராக இருந்த பிராஸ்பர் மெனியர், 1861-ல் இது மூளைக் கோளாறு அல்ல, உள்காதின் கோளாறு என்று எடுத்துச் சொன்னார். அதுவரை இப்படிச் சுற்றி விழுந்தவர்களை மூளையில் ரத்தத் தேக்கம் என்று சொல்லி ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்களாம். நமக்கு 'பித்தம்' மாதிரி அவர்களுக்கு அது.

மறைத்தவர்களில் நான் மட்டும் இல்லை. 1961-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டுக்கும் இதே நோய்தான். விமானம் ஓட்ட விடமாட்டார்களே என்று அவரும் முதலில் வெளியே சொல்லவில்லை. கடைசியில் தெரிந்து, தரையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு காதில் ஆபரேஷன் செய்து, சோதித்துப் பார்த்து, 1971-ல் அப்போலோ 14-ல் நிலாவுக்கே போய் கோல்ஃப் பந்து அடித்தார். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. வெளியே தெரிந்த பிறகுதான் அவருக்கு வைத்தியம் நடந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல் எல்லாம் ஒன்றல்ல. என்னோடு வேலை பார்த்த நண்பரின் சம்சாரத்துக்குப் படுக்கையில் புரண்டு படுத்தால் சுற்றும், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். காதில் இரைச்சல் எதுவும் கிடையாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கி இரண்டு வருடம் விழுங்கிக்கொண்டிருந்தார். அவருடையது வேறு. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து, நீர் ஓடும் குழாய்க்குள் விழுந்துவிடுவதால் வருவது. தலையை ஒரு கணக்காகத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்து, துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுகிறார்கள். அமெரிக்க டாக்டர் ஜான் எப்ளி கண்ட முறை. அந்த அம்மாவுக்கு ஒரே நாளில் நின்றுபோயிற்று. என் வியாதிக்கு அது உதவாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று நினைப்பது எத்தனை தப்பு பாருங்கள்.

அந்த மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றும் நேரத்தில் வாந்தியை அடக்கக் கொடுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. நிலை தவறாமல் நிற்க மூளை தானாகப் பழகும், அதை அவை தடுக்கும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடைத் தள்ளாட்டம்கூட வரலாம். சீட்டில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாள்தான். இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, இதுவரை இல்லாத தலைவலி வந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். சுக்குக் காப்பி வைக்கும் நேரம் அல்ல அது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்று சொல்கிறேன். காது அடைத்தால் அதுதான் எனக்கு நோட்டீஸ். எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவேன், கௌரவம் பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்தேன். அசையாத ஏதாவது ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் என் தட்டில் இப்போது இல்லை. கொங்கு நாட்டுக்காரனுக்கு இது லேசான தண்டனை இல்லை, ஆனால் கடந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவைதான் வந்திருக்கிறது. நாம் விழாமல் நிற்கக் கண், உள்காது, பாதத்தின் உணர்வு மூன்றும் வேண்டும். இருட்டில் கண்ணும் போய்விட்டால், கெட்ட காதுக்காரனுக்குப் பாதம் ஒன்றுதான் மிச்சம். அதனால் ராத்திரி விடிவிளக்கு எரிகிறது, கரண்ட் போனால் எடுக்கத் தலையணை அடியில் டார்ச் இருக்கிறது. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறேன், உள்தாழ்ப்பாள் போடுவதில்லை.

இரைச்சலுக்கு மருந்து இல்லை என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். ஆனால் பழக்கம் உண்டு. அமைதியான இடத்தில்தான் அது பெரிதாகக் கேட்கும். படுக்கும்போது ரேடியோவை மெல்ல வைத்துக்கொள்கிறேன், ஃபேன் சத்தமும் உதவுகிறது. காது மெஷின் வாங்கிப் போட்டபின், வெளிச் சத்தம் நன்றாக உள்ளே வருவதால் உள் சத்தம் கொஞ்சம் பின்னால் போகிறது. காது மெஷின் போட வெட்கப்படும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லையே.

"வண்டி இல்லாட்டி நமக்குக் கால் இல்லாத மாதிரிங்க" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் சுற்றல் உண்டு, அவரும் ஓட்டுகிறார். அவர் சொல்வதும் நிஜம்தான். நம் ஊரில் வண்டிச் சாவி இல்லாதவனை வீட்டில்கூட ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். சாவியைக் கொடுத்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நோட்டீஸ் கொடுக்காமல் வரும் வியாதியை வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்க நமக்கு உரிமை இல்லை. நம் உயிர் நம்முடையது என்றே வைத்துக்கொண்டாலும், எதிரே வருகிறவன் உயிர் நம்முடையது இல்லை. டாக்டர் சரி என்று சொல்லும்வரை சாவி அடுத்தவர் கையில் இருக்கட்டும்.

இப்போது காலையில் பேத்தியை மாப்பிள்ளை விடுகிறார். சாயங்காலம் நான் ஆட்டோவில் போய்க் கூட்டிவருகிறேன். அவளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அப்புச்சிக்குச் சுற்றினால் கையைப் பிடித்து உட்கார வைத்து, போனில் அம்மாவைக் கூப்பிட வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வகுப்பு விட்டு வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "காது அடைக்குதா அப்புச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறுகிறாள். பழைய உத்தியோகம் போனாலும் புதிதாக ஒரு சூப்பர்வைசர் கிடைத்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் கிறுகிறுப்பை மறைத்துக்கொண்டிருப்பவர் ஒருவராவது இருப்பார். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.