பத்தில் ஒன்பது சென்ட்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பயணம் செய்பவர்கள், பெட்ரோல் நிலையங்களின் விலைப்பலகைகளைத் தொலைவிலிருந்தே காணலாம். 3.49 என்று பெரிய எண்கள் ஒளிரும். அவற்றின் வலப்பக்க மூலையில், சற்று மேலே தூக்கி எழுதப்பட்ட சிறிய பின்னம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: 9/10. அதாவது, ஒரு கேலன் பெட்ரோலின் விலை 3 டாலர் 49 சென்ட் அன்று. 3 டாலர் 49.9 சென்ட். ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு அந்நாட்டில் நாணயமே இல்லை. முன்பு புழங்கிய அரை சென்ட் நாணயம்கூட 1857ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. யாராலும் எண்ணிக் கொடுக்க முடியாத ஒரு தொகை, விலைப்பலகையில் மட்டும் ஏன் இடம்பிடித்திருக்கிறது?

தொடக்கத்தில் இந்தப் பின்னத்திற்கு ஒரு வேலை இருந்தது. 1919இல் ஓரிகன் மாநிலம் ஒரு கேலனுக்கு ஒரு சென்ட் வரி விதித்தது. பெட்ரோலுக்கு வரி விதித்த முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். அடுத்த பத்தாண்டுகளுக்குள் மற்ற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. 1932இல் மத்திய அரசு தன் பங்குக்கு ஒரு சென்ட் சேர்த்தது. மறு ஆண்டே அது ஒன்றரை சென்ட் ஆனது. அக்காலத்தில் ஒரு கேலன் பெட்ரோல் ஏறத்தாழ 20 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. 20 சென்ட் விலையில் ஒரு சென்ட் என்பது ஐந்து விழுக்காடு. வரி அரை சென்ட் கூடும்போது விலையை முழுமையாக ஒரு சென்ட் ஏற்றினால் வாங்குபவர் அடுத்த நிலையத்திற்குப் போய்விடுவார். ஏற்றாமல் விட்டால் விற்பவருக்கு நட்டம். ஆகவே, சென்ட்டையும் கூறுபோட வேண்டிய கட்டாயம் உண்மையிலேயே இருந்தது. அப்படிக் கூறுபோடுவதும் புதிய பழக்கமன்று. டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘மில்’ என்று 1792ஆம் ஆண்டு நாணயச் சட்டமே குறிப்பிட்டிருந்தது.

அந்தக் கட்டாயம் இன்று இல்லை. 3.50 டாலர் விலையில், சென்ட்டின் பத்தில் ஒரு பங்கு என்பது 3,500இல் ஒரு பங்கு மட்டுமே. தேவை மறைந்த பின்னரும் பின்னம் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது இப்பொழுது வேறொரு வேலையைச் செய்வதுதான்.

பெட்ரோல் விற்பனையில் பலகைக்கு இருக்கும் செல்வாக்கு மற்ற வணிகங்களில் அரிது. துணிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். பழக்கடையில் பழத்தை முகர்ந்து பார்க்கலாம். பெட்ரோலோ எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓடும் காரிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணில் படுவது எண் மட்டுமே. எதிரெதிர் மூலைகளில் இரண்டு நிலையங்கள் இருந்தால், எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஓட்டுநர் சில நொடிகளில் முடிவு செய்துவிடுவார். எண்ணை இடமிருந்து வலமாகப் படிக்கும் கண், முதல் இலக்கங்களையே மனத்தில் பதித்துக்கொள்கிறது; கடைசி இலக்கத்தை விட்டுவிடுகிறது. 3.49-க்குப் பிறகு வரும் சிறிய பின்னத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

இதனால் வரும் வேறுபாடு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் 15 கேலன் நிரப்புகிறார். ஒரு கேலன் 3.499 டாலர் என்றால், அவர் செலுத்த வேண்டிய தொகை 52.485 டாலர். விலை சரியாக 3.50 ஆக இருந்தால் 52.50 டாலர் ஆகியிருக்கும். பின்னத்தால் அவருக்குக் கிடைத்த ஆதாயம் ஒன்றரை சென்ட். ஆனால், அவர் மனத்தில் பதிந்த விலை 3.49 அல்லவா? அதன்படி 52.35 டாலர்தான் வரவேண்டும். அவர் நினைத்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள இடைவெளி 13.5 சென்ட். கிடைத்ததைப்போல் ஒன்பது மடங்கு, தவறாகப் புரிந்துகொண்டதில் அடங்கியிருக்கிறது!

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பொறியின் கணக்கில் பிழை இல்லை. பலகையில் உள்ள விலையைத்தான் அது பெருக்குகிறது. இறுதித் தொகையை மட்டுமே முழு சென்ட்டுக்குக் கொண்டுவருகிறது. குறை எண்ணில் இல்லை, எண்ணின் உருவத்தில் இருக்கிறது. நான்கும் ஒன்பதும் ஆளுயரத்தில் நிற்க, விலையைக் கிட்டத்தட்ட 3.50-க்கு உயர்த்தும் இலக்கம் மட்டும் ஏன் கையளவில் சுருங்க வேண்டும்?

பின்னத்தை அடியோடு நீக்கிவிட வேண்டும் என்று சிலர் கூறுவர். அதில் ஒரு சிக்கல் உண்டு. நீக்கச் சொன்னால் எந்த நிலையமும் 3.49-க்கு இறங்காது, 3.50-க்குத்தான் ஏறும். அமெரிக்கர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 13,700 கோடி கேலன் பெட்ரோல் வாங்குகிறார்கள். கேலனுக்குப் பத்தில் ஒரு சென்ட் என்றாலும் மொத்தம் 13 கோடி டாலரைத் தாண்டும். சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே மிகையன்று. ஆயினும், இவ்வெள்ளம் எத்தனை பேரிடமிருந்து திரள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 500 கேலன் நிரப்பும் ஒருவருக்குக் கூடுதல் செலவு 50 சென்ட். விலையைத் தெளிவாகப் படிப்பதற்கு அது அதிக விலையன்று.

வரியிலும் மொத்தக் கொள்முதலிலும் பின்னங்கள் இன்னும் இருக்கின்றன என்பது விற்பவர்களின் வாதம். அது உண்மைதான். மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டாக உள்ளது. ஆனால், மாவும் எண்ணெயும் எவ்வளவு நுட்பமாக விலை பேசி வாங்கப்பட்டாலும், ரொட்டியின் விலையை எவரும் பின்னத்தில் எழுதுவதில்லை. கொள்முதல் கணக்கு கடைக்காரரின் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

மலேசியாவில் இதே கணக்கு வேறு வகையில் கையாளப்படுகிறது. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும்போது மொத்தத் தொகை மிக அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. ஒரு சென் நாணயத்திற்குத் தேவை இல்லாமற்போனது. ஒவ்வொரு பொருளின் விலையும் சென் கணக்கில் அப்படியே இருக்கும். மாற்றம் கடைசியில் ஒருமுறை மட்டுமே நிகழும். பெட்ரோல் விலையும் இரண்டு தசம இடங்களோடு நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் 2.05 ரிங்கிட்டாக இருந்த ரோன்95, 2025 செப்டம்பர் இறுதியில் மலேசியக் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட் ஆனது. குறைந்தது ஆறு சென். மாறியதோ முதல் இலக்கம். ஆகவே, அது கண்ணுக்கு ஆறு சென்னைவிடப் பெரிதாகத் தோன்றியிருக்கலாம். இருந்தாலும், அந்த விலையில் மறைந்து நிற்கும் நான்காம் இலக்கம் ஏதுமில்லை. முகப்பில் 20 ரிங்கிட் கொடுத்துவிட்டு எண்ணெய் ஊற்றும் ஒரு மாணவரின் தந்தை, முன்பு 9.76 லிட்டர் பெற்றார், இப்பொழுது 10.05 லிட்டர் பெறுகிறார். பலகையைப் பார்த்தே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

அமெரிக்கா இப்படி மாறுமா? ஐயோவா மாநிலம் 1985இல் பின்ன விலைக்குத் தடை விதித்தது. 1989இல் அத்தடை நீக்கப்பட்டது. பக்கத்து மாநிலப் பலகைகளில் 9/10 ஒளிரும்போது ஒரு மாநிலம் மட்டும் மாறுவது எளிதன்று. இதில் தடையைவிட எளிய வழி ஒன்று உண்டு. பின்னம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், விலையின் எல்லா இலக்கங்களும் ஒரே அளவில் எழுதப்பட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் விதி வகுக்கலாம். 3.499 என்று நான்கு இலக்கங்களும் ஒரே உயரத்தில் நின்றால், பார்ப்பவர் அதை 3.50 என்றே படிப்பார். அதன்பின், பின்னத்தால் ஆதாயம் ஏதும் இல்லையென்று கண்டு, நிலையங்களே அதைக் கைவிடக்கூடும். 2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயச்சாலை, புழக்கத்திற்கான ஒரு சென்ட் நாணயத்தை அச்சிடுவதை நிறுத்திக்கொண்டது. இனிப் புதிதாக வராத ஒரு நாணயத்தின் பத்தில் ஒன்பது பங்கு, நெடுஞ்சாலையோரப் பலகைகளில் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.