பிழை திருத்தும் போட்டியில் நான் செய்த பிழை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, கேம்ஸும் விளையாடியாச்சு. இனி இதை வச்சு என்ன சார் செய்யறது?" அவர்களுக்கு நான் சொல்லும் பதில், "தமிழ் புத்தகங்களுக்குப் பிழை திருத்துங்கள்" என்பதுதான். இதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டாம். விலை உயர்ந்த சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்து, கீ போர்டில் தமிழ் டைப் செய்யவும் தெரிந்தால் போதும்.

இப்படிச் சொல்லிச் சொல்லியே, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் பத்து நாள் போட்டி ஒன்றையும் நடத்திவிட்டேன். தமிழ் விக்கிமூலத்தில் பிழை திருத்தும் போட்டி. பரிசு, புத்தகங்கள். போட்டி நல்லபடியாகத்தான் தொடங்கியது. ஆனால் நான் வகுத்த விதிமுறையிலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விக்கிமூலம் என்பது விக்கிப்பீடியாவின் சகோதரத் தளம். 2003 நவம்பரில் தொடங்கப்பட்ட இலவச நூலகம். காப்புரிமைத் தடை இல்லாத புத்தகங்களை ஸ்கேன் செய்து, அவற்றை எழுத்து வடிவில் மாற்றித் தருவது இதன் வேலை. தமிழ்ப் பிரிவில், அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் நிறைய உள்ளன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் அச்சுப் பக்கத்தின் படம், மறு புறம் கம்ப்யூட்டர் படித்துத் தந்த எழுத்துகள். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி சேவ் செய்திட வேண்டும். திருத்தாத பக்கத்திற்கு சிவப்பு நிறம். ஒருவர் திருத்தியதும் மஞ்சள். அதை வேறொருவர் சரி பார்த்த பின் பச்சை. மஞ்சள் ஆக்கியவரே பச்சையும் ஆக்க முடியாது. அக்கவுண்ட் தொடங்கி லாக் இன் செய்தவர்களுக்கு மட்டுமே இந்த நிறம் மாற்றும் வசதி கிடைக்கும்.

படத்தைப் படித்து எழுத்தாக மாற்றும் வேலையை ஓ.சி.ஆர். என்னும் தொழில்நுட்பம் செய்கிறது. தமிழில் இது இப்போது வியக்கத்தக்க அளவு முன்னேறியுள்ளது. ஆனாலும், நூற்றுக்கு 98 எழுத்து சரி என்று வைத்துக் கொண்டால், ஆயிரம் எழுத்துள்ள பக்கத்தில் 20 பிழை இருக்கும். பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். எனவே "பாலில் கலந்து" என்பது "பரலில் கலந்து" என்று வந்து நிற்கும். புள்ளி மங்கியிருந்தால் "பல் வலி", "பல வலி" ஆகிவிடும். பரல், பல எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்களே என்பதால் ஸ்பெல் செக்கர் வாயைத் திறக்காது. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா போன்றவற்றின் வடிவமே வேறு. தமிழ் எண்கள் வந்தால் இன்னும் தொல்லை. ௧ என்ற எண் க ஆகும். ௨ என்ற எண் உ ஆகும்.

போட்டிக்கு நாங்கள் எடுத்த நூல்களில் ஒன்று பழைய கைமருத்துவ நூல். அதில் அளவுகள் எல்லாம் தமிழ் எண்களில். "வராகன் எடை ௨" என்று இருக்க வேண்டியது "வராகன் எடை உ" என்று வந்திருந்தது. இதைப் பார்த்த ஒருவர், உ என்பது தவறுதலாக விழுந்த எழுத்து என்று நினைத்து நீக்கிவிட்டார். மருந்தின் பெயர் இருக்கிறது, அளவு போய்விட்டது!

இப்போது என் விதிமுறைக்கு வருகிறேன். இது போன்ற போட்டிகளில் வழக்கமாக உள்ளபடி, சிவப்பை மஞ்சள் ஆக்கினால் 3 பாயின்ட், மஞ்சளைப் பச்சை ஆக்கினால் 1 பாயின்ட் என்று அறிவித்திருந்தேன். யார் எத்தனை பக்கம் முடித்தார்கள் என்று தினமும் மாலையில் பட்டியலும் ஒட்டினேன். இரண்டாம் நாளே ஒரு கல்லூரி மாணவர் நூறு பக்கங்களைத் தாண்டிவிட்டார். எனக்கு ஒரே பெருமை. பட்டியலின் அடியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர். அவர் முடித்தது ஏழு பக்கம்.

நான்காம் நாள் அந்த டீச்சர் என்னிடம் வந்தார். "நான் மெதுவா பார்க்கறவ தம்பி. இந்தப் போட்டி எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்று இரவுதான் மாணவர் முடித்த பக்கங்களைத் திறந்து பார்த்தேன். மேலோட்டமாக நாலு திருத்தம், உடனே மஞ்சள், அடுத்த பக்கம். அவருடைய நண்பர் ஒருவர் அவற்றில் பாதியைப் படிக்காமலேயே பச்சை ஆக்கியிருந்தார். எடை போன அந்தப் பக்கமும் பச்சையில் ஜொலித்தது.

மாணவரைக் கேட்டேன். "பக்கத்துக்கு மூணு பாயின்ட்னுதானே சார் போட்டிருந்தீங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் எண்ணியது பக்கங்களை. அவர் தந்ததும் பக்கங்களை.

இதில் என்ன நஷ்டம், மறுபடி திருத்திக் கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிவப்புப் பக்கத்தைப் பார்ப்பவர் எச்சரிக்கையாக இருப்பார். பச்சைப் பக்கத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அப்படியே இ-புக்காக டவுன்லோட் செய்து, மொபைலில் படித்து, பத்து இடங்களில் காப்பி செய்து போடுவார்கள். தளத்தில் திருத்தினாலும் அந்தப் பத்து இடங்களில் பிழை அப்படியே இருக்கும். "பல் வலி" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. அரைகுறையாகத் திருத்தி பச்சை ஆக்குவதைவிட, திருத்தாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில், குட்டன்பர்க் திட்டத்திற்கு நூல்களைத் தயாரிக்க 2000ல் தொடங்கிய டிஸ்ட்ரிப்யூட்டட் புரூப் ரீடர்ஸ் என்ற அமைப்பு இதை நன்றாகவே புரிந்து வைத்துள்ளது. அங்கே ஒவ்வொரு பக்கமும் பல சுற்றுகளைக் கடக்க வேண்டும். புதியவர்கள் முதல் சுற்றில் பழகிய பிறகுதான் மேல் சுற்றுக்குப் போக முடியும். நம் போட்டிகளில் நேற்று அக்கவுண்ட் தொடங்கியவர் இன்று பச்சை முத்திரை குத்துகிறார்.

அதனால் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 மே மாதம் இந்திய மொழி விக்கிமூலங்களுக்காக நடந்த பத்து நாள் போட்டி போன்றவை பலருக்கு இந்த வேலையை அறிமுகம் செய்தன. விதியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொருவர் வேலையிலிருந்தும் ஐந்து பக்கங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, மிச்சமுள்ள பிழைக்குப் பாயின்டைக் கழிக்க வேண்டும். பச்சை ஆக்குவதற்கும் 3 பாயின்ட் தர வேண்டும். கண் அதிகம் வலிப்பது அதில்தான். முதல் நாளைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். ஆசிரியர் அந்தக் காலத்தில் எழுதிய சொல்லை இக்காலத் தமிழுக்கு மாற்றக் கூடாது என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். பெரிய நூல் ஐந்தைப் பாதியில் விடுவதைவிட, 100 பக்க நூல் ஒன்றை முழுதாக முடிப்பது நல்லது. இத்தனை கெடுபிடி வைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்றார் நண்பர் ஒருவர். வராவிட்டால் போகட்டும். பத்து பேர் போதும்.

எங்கள் போட்டியில் ஐந்தாம் நாள் விதியை மாற்றினேன். நடுவில் மாற்றலாமா என்று சண்டை வந்தது. சண்டை போட்டவர்கள் பக்கம்தான் நியாயம் என்பதால், முதல் நான்கு நாள் பாயின்ட்களை அப்படியே விட்டுவிட்டேன். மாணவருக்கே முதல் பரிசு. ஆனால் மருத்துவ நூலின் பக்கங்களை எல்லாம் மீண்டும் சிவப்பாக்கினோம். டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன்.

போட்டி முடிந்த பிறகும் டீச்சர் அந்த நூலைத் திருத்தி வருகிறார். அவர் மஞ்சள் ஆக்கிய பக்கங்களைப் பச்சை ஆக்க இன்னொருவர் வேண்டுமே? அதை அந்த மாணவர்தான் செய்கிறார். ஒரு நாளைக்கு மூன்று பக்கம்.