பாலைவனம் நடந்து வருவதில்லை!

"சஹாரா வருடா வருடம் தெற்கே நகர்கிறது, வயல்களை விழுங்குகிறது" என்று பாடப்புத்தகம் முதல் தொலைக்காட்சி வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஏதோ மணல்மேட்டுக்குக் கால் முளைத்த மாதிரி! மழை பொய்த்தால் அதன் எல்லை தெற்கே வரும், நன்றாகப் பெய்தால் பின்வாங்கும். அது வேறு கதை. 1994ல் உருவான ஐ.நா. உடன்படிக்கையே 'பாலைவனமாதல்' என்று சொல்வது வறண்ட பகுதிகளில் நிலம் வளம் இழப்பதைத்தான். நிலம் இருந்த இடத்திலேயே சாகிறது.

எப்படி? நைஜரைப் பாருங்கள். கம்பு விளையும் பூமி. சில வருடம் விதைத்து, சில வருடம் தரிசாகப் போடுவார்கள். பிரெஞ்சு ஆட்சியில் ஏற்றுமதிக்காக நிலக்கடலை பரவியது. தரிசுக் காலம் சுருங்கியது, மரங்கள் போயின. மரம் போனால் காற்றுக்குத் தடை ஏது? மேல்மண் பறந்துவிடும். மொட்டைத் தரையில் அறையும் மழை மண்ணை இறுக்கி ஓடாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. மழையிலும் வறட்சி!

வெட்டியது விவசாயிதானே என்பார்கள் (ஆட்டின் மேல் பழிபோடுவோரும் உண்டு). ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் சட்டம் மரங்களை அரசின் சொத்தாக்கியது. 1960ல் சுதந்திரம் வந்தும் அது மாறவில்லை. தன் வயலில் முளைத்த மரத்தை வெட்டினாலே அபராதம் என்றால், எவன் கன்றை வளரவிடுவான்? முளையிலேயே கிள்ளிவிடுவான். மரத்தைக் காக்க வந்த சட்டமே மரத்துக்கு எமன்.

1980களில் மராடி பகுதியில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் காய்ந்தன. 1983ல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளின் வேர் உயிரோடிருப்பதைக் கவனித்தார். துளிர்களில் சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கழித்தால் மரம். செலவு ஒரு கத்தி. அதிகாரிகளின் கெடுபிடியும் தளர, சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. அதில் 'காவோ' என்றொரு மரம். மழைக்காலத்தில் இலையுதிர்த்துவிடும், கம்புக்கு நிழல் கட்டாது.

இதற்குப் பிறகும் 2007ல் ஆப்பிரிக்க ஒன்றியம் சுமார் 8,000 கி.மீ. நீளத்துக்குப் 'பசுமைச் சுவர்' என்று கிளம்பியது. படையெடுத்து வராத எதிரிக்கு எதற்கையா சுவர்? பின்னால் அவர்களே சுவரை விட்டுவிட்டு நிலத்தைச் சீர்செய்வதற்கு வந்தார்கள். என்ன செய்வது, கன்று நடும் அமைச்சரைத்தான் படம் பிடிப்பார்கள். அடிக்கட்டையைக் கழிக்கும் விவசாயியை அல்ல.

அந்த மரத்தில் விவசாயிக்கும் உரிமை உண்டு என்று நைஜர் அரசு முறைப்படி ஆணையிட்டது 2020ல்தான். மரங்கள் அதற்கு முப்பது வருடம் முன்பே வளரத் தொடங்கிவிட்டன.