பிரஷர் குளிசையும் மாமியின் தவக்குலும்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று மார்க்கச் சட்டம் பற்றியதல்ல. மாமியைப் பராமரிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். 2020இல் கொரோனா பரவியபோது, பிரஷருக்குக் குடிக்கும் லொசார்டன் குளிசை அந்தக் கிருமிக்குக் கதவு திறந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அன்று தொட்டு இருமல் காய்ச்சல் வந்தாலே மாமி குளிசையை நிறுத்திவிடுகிறார். கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறாராம்.

நான் வைத்தியனல்லன். ஆயினும் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று விளங்கிக்கொண்டால் மாமிக்குப் பதில் சொல்வது இலகுவாகும்.

எமது நுரையீரல், இருதயம், சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் கலங்களில் ‘ஏஸ்-2’ எனும் நொதியம் இருக்கிறது. (உமிழ்நீரில் சோற்றைச் சமிக்கச் செய்வதும் ஒரு நொதியமே என்று பிள்ளைகள் பாடசாலையில் படித்திருப்பார்கள்.) உடலில் உண்டாகும் அஞ்சியோடென்சின்-2 என்ற பொருள் இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை உயர்த்தும், அளவு மிஞ்சினால் அழற்சியையும் தூண்டும். அதனை உடைத்து, குழாய்களைத் தளர்த்தும் வேறொரு பொருளாக மாற்றுவது ஏஸ்-2இன் வேலை. அடுப்பில் விறகைத் தள்ளுபவர் ஒருவர், இழுத்துத் தணிப்பவர் மற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாக் கிருமி தன் முட்களால் பற்றிப் பிடிப்பது இந்த ஏஸ்-2ஐத்தான். 2003இல் பரவிய சார்ஸ் நோயின் கிருமியும் இதே வழியால்தான் நுழைந்தது. உள்ளே போகும்போது நொதியத்தையும் இழுத்துக்கொண்டு போவதால், கலத்தின் மேற்புறத்தில் அது குறைந்துவிடுகிறது. தணிப்பவர் போய்விட்டார், தீ எரிகிறது. அழற்சி என்ற சொல்லே அழல் என்பதிலிருந்து பிறந்தது. அரபியில் ‘இல்திஹாப்’ என்போம். தீச்சுவாலையைக் குறிக்கும் ‘லஹப்’ அதன் உறவுச் சொல். இரு மொழியினரும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்!

இத்தோடு, கிருமியை எதிர்க்க உடல் அனுப்பும் சைட்டோகைன் எனும் தூதுப் பொருட்களும் சிலரில் எல்லை கடந்துவிடும். அப்போது நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோர்க்கும். நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறையும்.

இனி மாமியின் குளிசைக்கு வருவோம். இவ்வகைக் குளிசைகள் ஏஸ்-2ஐ அதிகரிக்கச் செய்யக்கூடும் என்று விலங்குகளில் செய்த சில பரிசோதனைகள் காட்டியிருந்தன. பயம் பிறந்தது அங்கேதான். ஆனால் 2020 மார்ச்சிலேயே ஐரோப்பிய, அமெரிக்க இருதய வைத்திய சங்கங்கள் குளிசையை நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தன. பின்னர் பிரேசிலில், கொரோனாவுடன் ஆஸ்பத்திரியில் இருந்த 659 பேரில் ஒரு பகுதியினருக்கு 30 நாட்கள் குளிசையை நிறுத்தியும், மறு பகுதியினருக்குத் தொடர்ந்து கொடுத்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் பிரயோசனம் எதுவும் காணப்படவில்லை. நிறுத்தினால் பிரஷர் ஏறும் என்பதோ எல்லோரும் அறிந்தது. கடும் வாந்தி, வயிற்றோட்டம் உள்ளபோது வைத்தியரே சில நாட்களுக்கு நிறுத்தச் சொல்லலாம். அது அவர் தீர்மானிக்க வேண்டியது.

இதற்கு எதிரான தவறும் எம் வீடுகளில் நடக்கிறது. அழற்சியை அடக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணத்தை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைத்ததாக 2020 ஜூனில் பிரித்தானியாவில் கண்டறிந்தார்கள். ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் கிருமியை எதிர்க்க அந்தத் தீ தேவை. ஆகவே அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் ஸ்டீரொயிட் குளிசையைக் காய்ச்சல் வந்த அன்றே கொடுத்துவிடாதீர்கள்.

தவக்குல் பற்றி மாமியிடம் தர்க்கம் செய்யத் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட நினைத்த மனிதருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதிலை அவரும் பயானில் கேட்டிருப்பார். அதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவரையும் கூட்டிச் சென்று, காய்ச்சல் நேரத்தில் எதைக் குடிப்பது, எதை நிறுத்துவது என்று கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். மருமகள் சொல்வதைவிட அந்த எழுத்துக்கு மாமி மதிப்புக் கொடுப்பார், இன்ஷா அல்லாஹ்.